மதில்மேல் ஒரு பந்தயம்

கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து ஒரு லொறி ஏறி வருகிறது. இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. கியர் மாற்றி முக்குகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நான் மதிலின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு வளைவையே பார்த்திருக்கிறேன். மதிலில் பாசி, பாசியில் காலையில் பெய்த மழை. பாவாடை நனைந்து வயிறெல்லாம் குளிர்கிறது.

லொறியின் மூக்கு தெரிகிறது. பிறகு நம்பர் பலகை. நடுவில் இருக்கிற ஸ்ரீ என்ற எழுத்தை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு எண்களை மட்டும் பிடிக்கிறேன். ஆறு, ஏழு. லொறி லைட் கம்பத்தைத் தாண்டுவதற்குள் இரண்டையும் பெருக்கி விடையைச் சத்தமாகச் சொல்லியாக வேண்டும்.

"நாப்பத்திரெண்டு."

சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் லொறி கம்பத்தைத் தாண்டியது. நாற்பத்திரண்டின் கடைசி எண் இரண்டு. மதிலில் ஆணியால் கீறி வைத்திருந்த கட்டங்களில் பச்சை மூடியை இரண்டு கட்டம் முன்னால் நகர்த்தினேன். அது சோடாப் போத்தலின் மூடி. பச்சை அப்பாவுடையது, சிவப்பு என்னுடையது.

சரியாகச் சொன்னாய் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று மதிலடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அது ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

கார் ஓட்டும் கணக்கு

இந்த மதில் இப்போது ஞாபகத்துக்கு வரக் காரணம் பர்வீனின் மகன். நான் குடியிருக்கும் கட்டுகஸ்தோட்டை வீட்டின் கீழ்த்தளத்தில் அவர்கள் இருக்கிறார்கள். பையனுக்கு ஏழு வயது இருக்கும். கையில் எந்நேரமும் தாயின் போன். அதில் நாலைந்து கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கணக்கு வரும். சரியான விடையைத் தொட்டால் இவனுடைய கார் சீறிக்கொண்டு போகும். பிழையான விடையைத் தொட்டால் கார் இருமிவிட்டு நின்றுவிடும்.

"டீச்சர், இப்படி விளையாடிக் கணக்கு வருமா? இவர்ட வாப்பா வரும்ங்கிறார். எனக்கென்னமோ கண்ணு கெட்டுப் போற மாதிரித்தான் தெரியுது" என்று பர்வீன் என்னிடம் முறையிட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், சுற்றுவட்டாரத்தில் எந்தப் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு வராவிட்டாலும் வழக்கு என்னிடம்தான் வரும். பையனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மற்றக் கார்களை ஓட்டுவது யாரென்று கேட்டேன். "யாருமில்ல டீச்சர், போன் தானாவே ஓட்டும்" என்றான்.

"கணக்கு வரும்" என்று பர்வீனிடம் சொன்னேன். "ஆனா கூட ஒக்காந்து மத்தக் கார நீங்க ஓட்டுங்க" என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடி ஏறி வந்து கதிரையில் உட்கார்ந்தபோது சிறுவயதில் நான் வளர்ந்த மஹய்யாவ வீட்டு மதிலின் பாசி வாசம் மூக்கில் ஏறியது.

பாட்டாக வந்த வாய்ப்பாடு

அம்மா இறந்ததையும், சின்னம்மா என்னை மஹய்யாவவுக்குக் கூட்டி வந்ததையும் முன்னமே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரியில் சொல்கிறேன்: அப்பா லொறி டிரைவர், வீட்டில் தங்குகிற தொழில் அல்ல, அதனால் நான் அம்மாவின் தங்கை வீட்டில் வளர்ந்தேன்.

சின்னம்மா நல்லவள். சித்தப்பாவும் நல்லவர்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் கண்டி டவுனில் வேலைக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில்தான் வருவார்கள். பாடசாலை விட்டு வந்தால் மூடிவைத்த சோறும் பருப்பும் இருக்கும். சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தால் அந்த வீட்டில் செய்வதற்கு வேறொன்றும் இருக்காது.

தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவேயில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனிமையில்தான் கற்பனை வளரும் என்று சிலர் பேசுவார்கள். எனக்கு வளர்ந்தது பயம்தான். கூரைத் தகரத்தில் காகம் நடந்தால் கூட எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவேன். அதனால் கதவைச் சாத்திவிட்டு, தெருவுக்கு மேலே இருந்த மதிலில் போய்ப் படுத்துக்கொள்வேன். கீழே கண்டிக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடையே வாகனங்கள் போய்வரும். வாகனத்துக்குள் மனிதர்கள் இருப்பார்கள். அது போதுமாக இருந்தது.

பாடசாலையில் நிலைமை வேறு மாதிரி மோசம். எங்கள் வகுப்பில் வாய்ப்பாட்டைப் பாட்டாகத்தான் சொல்லுவோம். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு என்று வகுப்பு முழுவதும் ஆடி ஆடிப் பாடும். பாடுகிறவரைக்கும் நானும் கெட்டிக்காரி. திடீரென்று டீச்சர் என் பக்கம் திரும்பி, "ஆறேழு எத்தனை?" என்றால் போச்சு. ஓரேழிலிருந்து தொடங்கி மனதுக்குள் பாடிக்கொண்டே ஆறேழுக்கு வரவேண்டும். நான் நாலேழில் இருக்கும்போதே டீச்சர் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். "இது பஸ்ஸுல ஏறினா எல்லா ஹோல்ட்லயும் எறங்கி ஏறித்தான் போகும்" என்று ஒருநாள் சொன்னார். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய.

இந்த வியாதிக்கு மருந்து லொறிகளிடம் கிடைத்தது. மதிலில் படுத்து நம்பர்களை வாசிப்பது முதலில் வெறும் பொழுதுபோக்கு. பிறகு பெருக்கிப் பார்த்தேன். பிறகு மூடிகள் வந்தன, கட்டங்கள் வந்தன, சட்டங்கள் வந்தன. பஸ்ஸும் காரும் ஆட்டத்தில் இல்லை, லொறி மட்டும்தான். டவுனுக்குள் வரும் லொறி எல்லாம் அப்பாவின் மூடியை ஓட்டும். கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் லொறி எல்லாம் என் மூடியை ஓட்டும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கி சனிக்கிழமை மதியம் வரைக்கும் ஒரு பந்தயம். மதிலின் அந்த நுனிக்குப் போய்த் திரும்பி வருவதற்கு யாருடைய மூடி முந்துகிறதோ அவர் ஜெயித்தார்.

டீச்சர் காத்திருந்த அளவுக்குக் கூட லொறி காத்திருக்காது. ஓரேழு, ஈரேழு என்று நான் பாடத் தொடங்கினால் அது கம்பத்தைத் தாண்டிப் போய்விடும். மூடி அங்கேயே கிடக்கும். அப்பாவின் மூடி நகராமல் கிடந்தால் எனக்கு இன்னும் துக்கமாக இருக்கும். அவருக்குத் துரோகம் செய்தது போலத் தோன்றும். இரண்டு பேருக்காகவும் நான் ஒருத்தியே பெருக்க வேண்டியிருந்ததால், சீக்கிரமே பாட்டு கழன்று விழுந்தது. எண்களைக் கண்டவுடன் விடை வாய்க்கு வந்தது. வகுப்பிலும் அப்படியே வரத் தொடங்கியது. டீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவள் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைத்து இடம் மாற்றி உட்கார வைத்தார்.

பஞ்சர்

அப்பா ஓட்டியது கட்டுகஸ்தோட்டை முதலாளி ஒருவரின் தேங்காய் லொறி. குருநாகல் பக்கம் தேங்காய் ஏற்றிக்கொண்டு, கலகெதர வழியாக வந்து கண்டிச் சந்தையில் இறக்குவார். சனிக்கிழமை கட்டாயம் வருவார். எப்போதாவது நடுவாரத்திலும் வருவார். எங்கள் வளைவில் திரும்பும்போது குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று என்று கோர்ன் அடிப்பார். நான் தெருவுக்கு இறங்கும் படிகளில் உருண்டு விழாத குறையாக இறங்குவேன். செவ்விளநீர் ஒன்று எனக்கென்று சீட்டுக்கு அடியில் இருக்கும். அதை வெட்டிக்கொண்டே கேட்பார்.

"என்னா தாயி, இந்த வாரம் யாரு ஜெயிச்சது?"

பந்தயத்தை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் அதைப் பெரிய மனிதர் வழக்குக் கேட்பது மாதிரிக் கேட்பார். எந்த லொறியில் எத்தனை கட்டம் கிடைத்தது, எது தப்பிப் போனது என்று எல்லாம் விசாரிப்பார். அவருடைய லொறியின் நம்பர் எட்டு, ஐந்து என்று முடியும். எட்டைந்து நாற்பது. கடைசி எண் பூஜ்யம். பூஜ்யம் வந்தால் மூடி நகராது. அதற்கு நான் வைத்திருந்த பெயர் பஞ்சர்.

இதை அறிந்ததும் அப்பா இளநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"என் லொறியே வந்து என் மூடி நகராதுன்னா என்னா ஞாயம் இது? மத்தவன் லொறிக்கெல்லாம் ஓடுது."

"நம்பர் அப்படித்தானேப்பா."

"அதெல்லாம் கெடையாது. இனிமே ஒரு சட்டம் போட்டுக்க. நடுவாரத்துல என் லொறி அந்தக் கம்பத்தத் தாண்டிருச்சின்னா, அந்த வாரம் நான் ஜெயிச்சிட்டேன். அவ்வளவுதான்."

எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துவிட்டது. அவர் வந்தால் நான் தோற்பேன், ஆனால் அவர் வந்திருப்பார். வராவிட்டால் நான் ஜெயிக்க வழி உண்டு. எப்படிப் பார்த்தாலும் எனக்கு நட்டமில்லை.

ஜெயிப்பதற்கு ஒரு காரணமும் இருந்தது. லொறியின் முன் சீட்டில் ஏறி ஒரே ஒரு தடவை கலகெதர வரைக்கும் போய்வர வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. கேட்கும்போதெல்லாம், "முன்னுக்கு வேற ஆளு ஏத்தக் கூடாது தாயி, மொதலாளி ஏசுவாரு" என்பார். நான் விடவில்லை. கடைசியில் ஒருநாள் இணங்கினார்.

"சரி. விடாம மூணு வாரம் நீ ஜெயி. மொதலாளி கால்ல விழுந்தாவது ஏத்திக்கிட்டுப் போறேன்."

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பழக்கமில்லை. மூன்று வாரம் அடுத்தடுத்து ஜெயிப்பதுதான் கஷ்டம். இரண்டு வாரம் ஜெயித்து மூன்றாம் வாரம் கவிழ்ந்தது எத்தனையோ தடவை. ஏமாற்ற நினைத்ததில்லை. தனியாக ஆடுகிறவள் ஏமாற்றினால் பிறகு ஆடுவதற்கு ஆட்டமே இருக்காது.

அந்த நாட்களில் அப்பாவிடம் ஒரு சின்ன மாற்றம். சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தான் ஒன்று சிவப்பு நூலால் இறுக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளைச் சட்டைக்கு எதற்குச் சிவப்பு நூல் என்று கேட்டேன். "கெடைச்சது அதுதான்" என்றார். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் மேலே கேட்கவில்லை.

புதன்கிழமை

பெரிய வகுப்புகளுக்குப் பரீட்சை என்று அன்று எங்களை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் மப்பாக இருந்தது. அது மூன்றாவது வாரம். சிவப்பு மூடி திரும்பும் வழியில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. பச்சை இன்னும் மதிலின் நுனியைக் கூடத் தொடவில்லை. எந்தக் கணக்குப் போட்டாலும் இந்த வாரமும் நான்தான். சனிக்கிழமை போட்டுக்கொள்ள எந்தப் பாவாடை என்று கூட யோசித்துவிட்டேன்.

டவுனுக்குள் வரும் லொறி ஒன்று வளைவில் மூக்கைக் காட்டியது. கோர்ன் இல்லை. ஆகவே யாரோ ஒருவரின் லொறி. வழக்கம்போல கடைசி இரண்டு எண்களைப் பிடித்தேன். எட்டு, ஐந்து. "நாப்பது" என்று சொல்லிவிட்டேன். பஞ்சர் என்று நினைத்தபிறகுதான் மற்ற எண்கள் கண்ணில் பட்டன.

முன் சீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவள் மடியில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி. கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்பல் விழுந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது. அப்பா நேரே பார்த்து ஓட்டினார். மதிலின் பக்கம் திரும்பவில்லை. நான் பாடசாலையில் இருக்க வேண்டிய நேரம் அது.

லொறி கம்பத்தைத் தாண்டியது.

நான் பார்த்தது பிழையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஐந்தை மூன்று என்றோ எட்டை ஆறு என்றோ வாசித்திருக்கலாம். சேறு தெறித்த பலகையில் அப்படி நடப்பதுண்டு. ஆனால் லொறிக்குப் பின்னாலும் ஒரு நம்பர் பலகை இருக்கிறதே. விழுந்தடித்து எழுந்து மதிலின் மறு நுனிக்கு ஓடிப் பார்த்தேன். அதே எண்கள். கணக்குப் போட்டால் விடையை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று பிற்காலத்தில் எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தப் பின்பலகைதான் என் கண்முன் வரும்.

அழுதேன். யாருக்கும் கேட்காது என்பதால் நன்றாகச் சத்தம் போட்டே அழுதேன். அந்தப் பெண்ணையோ பிள்ளையையோ நினைத்து அல்ல. அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. அவர் கோர்ன் அடிக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மதிலுக்குத் திரும்பினேன். சட்டம் என்றால் சட்டம். அவருடைய லொறி கம்பத்தைத் தாண்டிவிட்டது. பச்சை மூடியை எடுத்து, கடைசிக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். சின்னம்மா வந்து, முகம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டபோது கொசு என்று சொல்லிவிட்டேன்.

கலகெதரத் தங்கை

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு நியாயம் செய்தவளாக மாட்டேன். அந்தப் பெண் கலகெதரயில் சோற்றுக்கடை வைத்திருந்தவர். புருஷன் இல்லை. அப்பா பிறகு அவரையே கட்டிக்கொண்டார். குறை சொல்ல முடியாத மனுஷி. மடியில் இருந்த பிள்ளையின் பெயர் சாந்தி. இன்றைக்கு அவளும் பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

இதை எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னேன்.

"எழுதுங்கக்கா. ஆனா பல்லு விழுந்து கெடந்தேன்னு எழுதிறாதீங்க" என்றாள். எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

பிறகு அவளே சொன்னாள்: "அப்பா வழியெல்லாம் பாடிக்கிட்டே ஓட்டுவாருக்கா. ஒங்க வீட்டு வளைவு வந்தா மட்டும் நிப்பாட்டிருவாரு. ஏன்னு கேட்டா, ரோடு மோசம்னுவாரு."

அந்த ரோடு அப்போதும் நல்ல ரோடுதான்.

சனிக்கிழமை

குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. கோர்ன் வழக்கம்போலக் கேட்டது. நான் வழக்கம்போல ஓடவில்லை. படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினேன். அப்பா சீட்டுக்கு அடியில் இருந்து செவ்விளநீரை எடுத்து, கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். தேங்காய் நார் வாசமும் எஞ்சின் சூடும் அவரைச் சுற்றி எப்போதும் போல இருந்தன. சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"என்னா தாயி, மூணாவது வாரமாச்சே. யாரு ஜெயிச்சது?"

நான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். முன் சீட்டில் ஏறிவிடலாம். மதிலைப் பார்த்தவர் யாரும் இல்லை. படிகளில் இறங்கி வரும்போது அப்படிச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு சொல்லிவிட்டது.

"நீங்கதாம்ப்பா."

"நானா? போன ரெண்டு வாரமும் நீதானே ஜெயிச்ச."

"புதன்கெழம ஒங்க லொறி கம்பத்தத் தாண்டிருச்சி."

கத்தி நின்றது. இளநீரின் கண் பாதி திறந்து, தண்ணீர் அவருடைய மணிக்கட்டில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. தெருவில் பஸ் ஒன்று போனது. அது போய் முடியும் வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"சாப்டியா?" என்று கேட்டார்.

"ம்."

பிறகு அப்பா இளநீரை அப்படியே மதிலடியில் வைத்துவிட்டு லொறியைச் சுற்றிப் போனார். முன் கதவைத் திறந்தார். சீட்டைத் தோள் துண்டால் தட்டினார். தட்டித் தட்டி அங்கே இல்லாத தூசியை எல்லாம் துடைத்தார்.

"ஏறு தாயி. கலகெதர வரைக்கும் போயிட்டு வருவோம்."

நான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். சிவப்பு ரெக்சீன் கிழிந்து, உள்ளே பஞ்சு தெரிந்தது. எத்தனை மாதம் அதை நினைத்து ஒற்றை ஆளாக லொறிகளைப் பெருக்கியிருக்கிறேன். கதவு திறந்தே இருந்தது. அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லப்பா" என்றேன். "நான் ஜெயிக்கலயே."

அவர் கதவைச் சாத்தினார், மெதுவாக. என் தலையில் கை வைத்தார். அந்தக் கை ஈரமாக இருந்தது. லொறி கிளம்பி வளைவைத் தாண்டும்போது கோர்ன் கேட்டது. முதலில் நீளமாக ஒன்று, பிறகுதான் குட்டையாக இரண்டு. வரிசை மாறிப் போயிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மூடிகளையும் தொடக்கக் கட்டத்தில் வைத்தேன். சட்டங்கள் எல்லாம் பழையபடியே இருந்தன. அப்பா போட்ட அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவருடைய லொறி எத்தனையோ தடவை அந்தக் கம்பத்தைத் தாண்டியிருக்கிறது. கோர்ன் அடித்தும் தாண்டியிருக்கிறது, அடிக்காமலும் தாண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் தவறாமல் சத்தமாகச் சொன்னேன், எட்டைந்து நாற்பது என்று. பச்சை மூடி இருந்த இடத்திலேயே இருந்தது.